விளையாடினவங்களை யார் விசாரிக்கிறாங்க?

(வட்டாரக் கூட்டமைப்பின் ஆண்டு விழாப் பொதுக்குழுவில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



"நீங்க விளையாட்டு டீச்சர், விளையாட்டைப் பத்தியே பேசுங்க" என்று தலைவி சொன்னார். தினமும் நடங்க, சர்க்கரையைக் குறைங்க என்று பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இன்றைக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் உங்கள் முன்னால் ஒரு தீர்மானம் வரப் போகிறது. விளையாடி அடிபட்டு, இன்றைக்குக் கஷ்டத்தில் இருக்கும் நம் உறுப்பினர்களுக்கென்று, ஆளுக்கு மாதம் 5 ரூபாய் தனியாக எடுத்து ஒரு நிதி வைக்கலாமா, வேண்டாமா என்பதுதான் அது. வேண்டாம் என்று நினைக்கிறவர்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். நான் முக்கியமாக உங்களுக்காகத்தான் பேசுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது குறுவட்ட அளவிலாவது விளையாடினவங்க கொஞ்சம் கை தூக்குங்க. கபடி, கோ-கோ, எறிபந்து, வளையப்பந்து, ஓட்டம், எதுவானாலும் சரி. வெட்கப்படாதீங்க, தூக்குங்க. பாருங்கம்மா, எத்தனை கை! பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத் திரும்பிப் பாருங்கள். பத்து வருஷமாக ஒரே குழுவில் சந்தா கட்டுகிறீர்கள். அவர் மாவட்ட அளவில் ஓடியவர் என்பது உங்களில் பலருக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஏன் தெரியவில்லை? ஒரு பெண்ணுடைய விளையாட்டை நம்ம ஊர் அவளுடைய கல்யாணத்தோடு மறந்துவிடுகிறது. சான்றிதழ் எல்லாம் ஒரு பாலிதீன் கவரில் டிரங்குப் பெட்டிக்கு அடியில் போய்விடும். கப்பு பள்ளிக்கூடத்து பீரோவில் இருக்கும். அவளிடம் மிச்சமிருப்பது அந்த விளையாட்டில் பட்ட அடி மட்டும்தான்.

அந்த அடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கபடியில் பாடிப் போகிறவளின் காலைப் பிடிப்பார்கள். பாதம் மண்ணில் ஊன்றியிருக்கும், உடம்பு கோட்டைப் பார்த்துத் திரும்பும். அந்த ஒரு நொடியில் முழங்காலுக்குள்ளே ஜவ்வு அறுந்துபோகும். நாம் என்ன செய்வோம்? எண்ணெய் தேய்த்து நீவி விடுவோம், கட்டுப் போடுவோம். வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டது என்று நினைப்போம். உள்ளே சரியாகியிருக்காது. படி இறங்கும்போது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது, கால் தானாக மடங்கும். வருஷம் போகப் போக மூட்டு தேயும். பதினேழு வயதில் பட்ட அடிக்கு நாற்பது வயதில் வட்டி கட்டுகிறார்கள். வட்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் கூட்டமைப்பிலேயே ஒரு சகோதரி இருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். மாநிலப் போட்டி வரைக்கும் போன கபடி வீராங்கனை. அவர் ஜெயித்து வந்தபோது ஊரே தாரை தப்பட்டையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. இன்றைக்கு அவரால் குனிந்து நிமிர முடியவில்லை. நூறு நாள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் சந்தாவும் தவணையும் கட்டவில்லை. கூட்டத்துக்கும் வரவில்லை. குழுவின் பதிவேட்டில் 'தவணை தவறியவர்' என்று சிவப்பு மையில் எழுதியாகிவிட்டது. எழுதியவரைக் குறை சொல்லவில்லை, அவர் கணக்கைத்தான் எழுதினார். நான் வீட்டுக்குப் போய், "ஏம்மா, குழுவில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். "எந்த முகத்தோட கேக்குறது டீச்சர்? கைதட்டின ஊராச்சே" என்றார்.

சகோதரிகளே, இதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்த விஷயம். கைதட்டு வாங்கினவங்களுக்குக் கை நீட்ட வராது. அதனால் அவர்கள் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கிற எந்த உதவியும் அவர்களிடம் போய்ச் சேராது.

"அரசாங்கம் செய்யாதா?" என்று கேட்பீர்கள். செய்கிறது. இல்லையென்று சொன்னால் பாவம். ஆக்கியில் 1928, 1932, 1936 என்று மூன்று ஒலிம்பிக்கில் நம் நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர் தியான் சந்த். அவர் பிறந்த ஆகஸ்ட் 29-ஐத்தான் தேசிய விளையாட்டு தினமாகப் பள்ளிக்கூடங்களில் கொண்டாடுகிறோம். அந்த மனிதர் கடைசிக் காலத்தில் பணத்துக்குச் சிரமப்பட்டு, 1979 டிசம்பரில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். நலிந்த விளையாட்டு வீரர்களுக்கு உதவ மத்திய அரசு ஒரு தேசிய நல நிதியை ஏற்படுத்தியது 1982-ல். நம் மாநிலத்திலும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மூலமாக, நலிந்த நிலையில் உள்ள முன்னாள் வீரர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம் கொடுக்கிறார்கள். தகுதி உள்ளவர்கள் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அதற்கு 58 வயது நிரம்பியிருக்க வேண்டும், பெரிய போட்டிகளில் இடம் பிடித்திருக்க வேண்டும், வருமான வரம்பும் உண்டு. மாவட்ட அளவில் ஆடி, முப்பத்தைந்து வயதில் காலைத் தாங்கிக்கொண்டு நடக்கிற நம் பிள்ளை அந்தக் கணக்கில் வர மாட்டாள்.

இன்னொன்றையும் பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் செங்கல் சூளைத் தொழிலாளி வீட்டில் பிறந்த சாந்தி, 2006-ல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். பிறகு அவரே செங்கல் சூளையில் கூலி வேலை செய்தார். அது பத்திரிகையில் வந்த பிறகு நாலு பேர் கவனித்தார்கள். அவரும் விடாமல் படித்து, போராடி, பயிற்சியாளராக நிமிர்ந்து நின்றார். ஆசியப் போட்டியில் ஓடியவருக்கே பத்திரிகைச் செய்தி தேவைப்பட்டது. குறுவட்டத்தில் ஓடியவளுக்கு எந்தப் பத்திரிகை வரும்?

அப்படியானால் யார் வர வேண்டும்? இதற்குப் பதிலாக ஒரு வெளியூர் சங்கதி சொல்கிறேன். இங்கிலாந்தில் குதிரைப் பந்தயக்காரர்கள் தங்களுக்குள்ளேயே நடத்தும் ஒரு நிதி. குதிரைப் பந்தயம் என்றதும் முகத்தைச் சுளிக்கிறீர்கள், தெரிகிறது. பணத்தைக் கட்டிக் குடும்பத்தைத் தொலைக்கிற சமாச்சாரம் என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். நான் பேசுவது பணம் கட்டுகிறவர்களைப் பற்றி இல்லை. குதிரைமேல் உட்கார்ந்து ஓட்டுகிற ஆளைப் பற்றி. அவருக்கு ஜாக்கி என்று பெயர். லாரிக்கு அடியில் வைக்கிற ஜாக்கி இல்லைம்மா, இது வேற!

ஜாக்கி என்றால் பெரிய பணக்காரர் என்று நினைக்க வேண்டாம். பெயர் பெற்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்குச் சவாரிக்கு இவ்வளவு என்று கூலி. நம் பீடி சுற்றுகிற அக்காமார்களுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று இருப்பது மாதிரிதான். சவாரி இல்லாத நாளில் அந்தக் கூலி இல்லை. வேலியும் தடுப்பும் வைத்துத் தாண்டுகிற பந்தயங்களில் குதிரையோடு சேர்ந்து விழுவார்கள். பந்தயம் ஓடும்போதே ஆம்புலன்ஸ் வண்டி பின்னாலேயே போகும் என்றால் எவ்வளவு ஆபத்து என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1963 டிசம்பரில் டிம் புரூக்ஷா என்கிற ஜாக்கி, லிவர்பூல் பக்கத்தில் உள்ள எய்ன்ட்ரீ மைதானத்தில் விழுந்தார். சாதாரண ஆள் இல்லை, ஒரு பருவத்தில் நாட்டிலேயே அதிகப் பந்தயம் ஜெயித்தவர். முதுகெலும்பு உடைந்து நடக்க முடியாமல் போய்விட்டது. அடுத்த சில மாதத்தில், 1964 மார்ச்சில், அதே மைதானத்தில் கிராண்ட் நேஷனல் என்கிற பெரிய பந்தயம். அதில் பேடி ஃபாரல் என்கிற ஜாக்கி, அங்கே இருப்பதிலேயே உயரமான தடுப்பில் விழுந்தார். அவருக்கும் முதுகெலும்பு போனது. மனைவியும் நாலு பிள்ளைகளும் உள்ள மனிதர். இப்படிப் படுத்துவிட்ட குடும்பத்தைத் தாங்குகிற அளவுக்குக் காப்பீடு எதுவும் அன்றைக்கு அந்தத் தொழிலில் கிடையாது.

அப்போது பந்தயத்தோடு சம்பந்தப்பட்ட சில பேர் சேர்ந்து இந்த இரண்டு பேருக்காக 1964-ல் ஒரு நிதி திரட்டினார்கள். அதில் முக்கியமான ஒருவர் ஜான் ஓக்சி. பத்திரிகையில் எழுதுகிறவர், தானும் குதிரை ஏறுகிறவர். முந்தைய வருஷம் அதே கிராண்ட் நேஷனலில் கடைசி வரைக்கும் முன்னால் வந்து, எல்லைக்குப் பக்கத்தில் முந்தப்பட்டு இரண்டாவதாக வந்தவர். அந்தத் தடுப்புகளைத் தாண்டினவர். விழுந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு பேருக்காக ஆரம்பித்ததை அவர்கள் அதோடு மூடவில்லை. தடை தாண்டும் பந்தயத்தில் காயம்பட்ட எல்லா ஜாக்கிகளுக்கும் என்று விரித்தார்கள். பிறகு தடை இல்லாமல் சமதளத்தில் ஓடும் பந்தய ஜாக்கிகளையும் சேர்த்தார்கள். காயமடைந்த ஜாக்கிகள் நிதி என்று அதற்குப் பெயர். அறுபது வருஷம் தாண்டி நடக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜாக்கிகளுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் உதவியிருக்கிறார்கள்.

எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். நாலு விஷயம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, பணம் வரும் வழி. பெரியவர்கள் நன்கொடை தருகிறார்கள், உண்மைதான். ஆனால் ஆரம்ப காலத்திலிருந்து அவர்களுக்குக் கைகொடுப்பது கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை விற்பனை. வருஷா வருஷம் குதிரைப் படம் போட்ட அட்டை அச்சடித்து விற்கிறார்கள். வாங்குகிறவருக்கு ஒரு அட்டைதான் செலவு. நம் சிறுசேமிப்பு மாதிரியே சிறுகச் சிறுகச் சேருவதுதான் நிற்கிறது.

இரண்டு, வீடு தேடிப் போவது. காயம்பட்டவர்களையும் வயதானவர்களையும் நேரில் போய்ப் பார்ப்பதற்கென்றே ஒவ்வொரு பகுதிக்கும் ஆள் வைத்திருக்கிறார்கள். அவர்கள் போய் உட்கார்ந்து பேசுவார்கள். சக்கர நாற்காலி போக வீட்டு வாசலை மாற்ற வேண்டுமா, வைத்தியச் செலவா, வேறு தொழில் கற்க வேண்டுமா, மனசு சோர்ந்திருக்கிறதா என்று விசாரித்து எழுதுவார்கள். அந்த வாசல்வரைக்கும் போகிற கால்கள்தான் அந்த நிதியின் உயிர்.

மூன்று, எத்தனை ஜெயித்தாய் என்று கேட்பதில்லை. சவாரி செய்தாயா, அடிபட்டாயா, கஷ்டத்தில் இருக்கிறாயா, அவ்வளவுதான். பெயர் பெற்றவருக்கும் பெயர் தெரியாதவருக்கும் ஒரே வாசல். மனைவி, பிள்ளைகளுடைய கஷ்டத்தையும் அவருடைய கஷ்டமாகவே பார்க்கிறார்கள்.

நான்கு, பணத்தோடு நிறுத்தவில்லை. 2009-ல் லாம்போர்ன் என்கிற ஊரில் ஓக்சி பேரிலேயே ஒரு மறுவாழ்வு இல்லம் கட்டினார்கள். 2015-ல் மால்டனில் ஒன்று, 2019-ல் நியூமார்க்கெட்டில் ஒன்று. மூன்றும் குதிரை வளர்த்துப் பழக்குகிற ஊர்கள். ஜாக்கிகள் குடியிருக்கிற இடத்திலேயே கட்டியிருக்கிறார்கள். நேற்று தோள்பட்டை பிசகின இளைஞனும் அங்கேதான் உடற்பயிற்சி வைத்தியத்துக்கு வருகிறான், என்றைக்கோ முதுகு உடைந்த பெரியவரும் அங்கேதான் வருகிறார். தன்னைப் போல இன்னொருவர் இருக்கிறார் என்று கண்ணால் பார்ப்பதே பாதி மருந்து. வாராவாரம் கூட்டம் போட்டு வட்டமாக உட்காருகிற நமக்கு இது தெரியாததா?

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தீர்மானத்துக்கு எதிராக என் காதில் விழுந்த பேச்சு மூன்று. மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"விளையாடினது அவங்க இஷ்டம், நாம ஏன் கட்டணும்?" என்பது முதல் பேச்சு. ஜெயித்து வந்தபோது அவள் பெயரையா கத்தினோம்? நம்ம ஊர் பெயரைத்தான் கத்தினோம். கப்பு ஊருக்கு, காயம் மட்டும் அவளுக்கு என்றால் அது நியாயம் இல்லை. 

"விளையாடாதவங்க கஷ்டப்படலையா? கொத்தனார் வேலைக்குப் போய் விழுந்தவங்க இல்லையா?" என்பது இரண்டாவது பேச்சு. நல்ல கேள்வி. அவர்களுக்குத்தான் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் நலிவு நிலை குறைப்பு நிதி இருக்கிறது. இந்தச் சகோதரிகளுக்கும் அதில் உரிமை உண்டு. ஆனால் கேட்கத் தயங்கி ஒதுங்கி நிற்கிறவர்களை அடையாளம் காட்ட ஒரு தனி வழி வேண்டும். நாளைக்கு இது நன்றாக நடந்தால், உழைத்து உடம்பு போன எல்லாருக்கும் என்று விரியுங்கள். இங்கிலாந்துக்காரர்களும் இரண்டு பேரில்தானே ஆரம்பித்தார்கள்?

"பொய் சொல்லி வாங்கிடுவாங்க" என்பது மூன்றாவது பேச்சு. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியாமல் இருக்காது. பேங்க்காரர்கள் சொத்துப் பத்திரம் கேட்காமல் நமக்குக் கடன் கொடுப்பதே, நாம் ஒருத்தரை ஒருத்தர் அறிந்தவர்கள் என்கிற நம்பிக்கையில்தான். அந்த அறிவு இதற்கும் போதும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு குழுவுக்கு 12 பேர், 100 குழுக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மாதம் 5 ரூபாய் என்றால் மாதம் 6,000 ரூபாய். வருஷத்துக்கு 72,000 ரூபாய். இதை வைத்து ஆஸ்பத்திரி கட்ட முடியாது. ஆனால் ஒருத்தி மூட்டு வைத்தியத்துக்கு மதுரைக்கோ சென்னைக்கோ போய்வரலாம். அவள் படுத்திருக்கும் மூன்று மாதம் சந்தாவும் தவணையும் நிற்காமல் போகும். அரசு ஓய்வூதியத்துக்குத் தகுதி உள்ளவளுக்கு விண்ணப்பம் எழுதி, சான்றிதழ் நகல் எடுத்து, கூடவே ஒரு ஆள் போய்க் கொடுத்துவிட்டு வரலாம். பதிவேட்டில் சிவப்பு மை விழாமல் தடுக்க இது போதும்.

தீர்மானம் நிறைவேறினால் நாலு வரி அதில் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு ஊராட்சியிலும் விளையாடின உறுப்பினர்களின் பட்டியல் ஒன்று எடுக்க வேண்டும், பதக்கம் வாங்கினார்களா என்று பார்க்காமல். இரண்டு மாதம் தொடர்ந்து கூட்டத்துக்கு வராத, சந்தா கட்டாத உறுப்பினர் வீட்டுக்கு, நோட்டீஸ் போவதற்கு முன்னால் இரண்டு பேர் நேரில் போக வேண்டும். அந்த இருவரில் ஒருவர் தானும் விளையாடினவராக இருக்க வேண்டும். யாருக்குக் கொடுத்தோம் என்பது நிர்வாகிகளுக்கும் தணிக்கைக்கும் தெரியட்டும், ஊருக்குப் போட்டோ எடுத்துப் போட வேண்டாம்.

மேடைக்கு அழைத்து, சால்வை போட்டு, கவரைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தோமானால் அந்தச் சகோதரி இன்னொரு முறை நம் பக்கம் வர மாட்டார். ஒரு காலத்தில் சால்வைக்குத் தகுதியாக வாங்கினவர் அவர். இப்போது கஷ்டத்துக்காக வாங்க வைக்கக் கூடாது.

இன்னொரு வார்த்தை, அம்மாக்களுக்கு. உங்கள் பெண்பிள்ளை விளையாடப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். கீழே விழுந்து முழங்கால் வீங்கினால் நீவி விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். "டாக்டர், ஜவ்வு அறுந்திருக்கா பாருங்க" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். அன்றைக்குக் கேட்கிற அந்த ஒரு கேள்வி, இருபது வருஷம் கழித்து இந்த நிதியில் ஒரு செலவைக் குறைக்கும்.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் முதல் குழுக்களை ஆரம்பித்தபோது, பொம்பளைங்க சேர்ந்து காசு சேர்த்து என்ன செய்யப் போறாங்க என்று கேட்டவர்கள் உண்டு. இன்றைக்கு வங்கி மேனேஜர் நம் கூட்டத்துக்கு வருகிறார். கடன் கொடுப்பதிலும் வசூலிப்பதிலும் நாம் நல்ல பெயர் எடுத்துவிட்டோம். கேட்காதவள் வீட்டுக் கதவைத் தட்டுவதிலும் அந்தப் பெயரை எடுக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், யோசித்துக் கை தூக்குங்கள். காலையில் நான் கேட்டபோது உயர்ந்த கைகள் எத்தனை என்பதை மட்டும் அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.